என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்

ஜப்பான் மொழியை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவரிடம் படித்தவன், இவரிடம் படித்தவன் என்று எவரும் என்னில் உரிமை கோரி வரக்கூடாது. சிங்களத்தையும் ஒருவரும் படிப்பிக்கவில்லை. அரபும் அப்படித்தான். மூன்றையும் நானே காதால் பிடித்து வாயால் பழக்கினேன். மீன் பிடிப்பவன் கடலுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. நானும் எந்த வாத்தியாருக்கும் கொடுக்கவில்லை.

புத்தூரில் எங்கள் வீட்டில் வெங்காயமும் புகையிலையும் இருந்தன, புத்தகம் இருக்கவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மறித்து, தெற்கே ஒரு சிங்கள ஊரில் எங்கள் உறவினர் ஒருவர் நடத்திய பலசரக்குக் கடைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். சாமான் சுற்றிக் கொடுக்கப் பழைய சிங்களப் பேப்பர் கட்டுக் கட்டாக வரும். சுற்றுவதற்கு முன்னால் நான் வாசிப்பேன். முதலில் படத்தைப் பார்த்தேன், பிறகு எழுத்தைப் பார்த்தேன், பிறகு கடைக்கு வருகிற சனத்திடம் இது என்ன, அது என்ன என்று கேட்டேன். பருப்புக்குக் காத்து நின்ற பெண்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தார்கள். முதலாளி பின்னால் வந்து தலையில் குட்டுவார். இரண்டு வருஷத்தில் அந்த ஊர்ச் சனம் அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து வாசிப்பித்தது. சிங்களச் சனம், சிங்களக் கடிதம், வாசித்தவன் புத்தூர்ப் பொடியன். அந்த மாவட்டத்தில் வேறு எந்தக் கடையில் இப்படி நடந்தது என்று எவராவது வந்து சொல்லட்டும்.

பிறகு ஒரு கலவரத்தில் கடை எரிந்தது. மொழி எரியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தபோது, எரித்தவனுடைய மொழியை ஏன் இன்னும் வாயில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். அது எரித்தவனுடைய மொழி அல்ல, நான் குட்டு வாங்கிக் கற்ற மொழி, என்னுடையது என்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அரபு நாட்டில் நான்கு வருஷம் சீமெந்து குழைத்ததை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஜப்பானுக்குப் போனபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கலியாணமும் முடித்திருந்தேன். பெரிய நகரம் ஒன்றின் விளிம்பில், பிளாஸ்டிக் வாளியும் மூடியும் வார்க்கிற தொழிற்சாலை. ஒன்பது வருஷம். விசாவைப் பற்றி விவரமாகக் கேட்காதீர்கள். முதல் நாள் காலை, நாங்கள் தங்கியிருந்த விடுதியை நடத்திய மூதாட்டி ஒரு தட்டைக் காட்டி ‘பான்’ என்றாள். பார்த்தால் பாண், எங்கள் பேக்கரிப் பாணேதான். போர்த்துக்கீசன் எங்கள் கரையிலும் பாணை இறக்கினான், அவர்கள் கரையிலும் இறக்கினான் என்பதெல்லாம் பிறகு அறிந்த கதை. அன்றைக்கு நான் நினைத்தது வேறு. இந்த மொழிக்குள் யாரோ எனக்கு முன்பே கதிரை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். போய் இருக்க வேண்டியதுதான் என் வேலை.

வசனம் அமைவதும் எங்கள் முறையில்தான். ‘நான் நாளைக்குச் சந்தைக்குப் போய் மீன் வாங்குவேன்’ என்பதைத் தமிழில் எந்த வரிசையில் சொல்கிறோமோ அதே வரிசையில் ஜப்பான் சொற்களை வைத்துக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தின் வழியாகப் போனால் தலைகீழாக நின்று திரும்ப வேண்டும். வீட்டிலிருந்து வெளிக்கிடுகிற ஜப்பான்காரனும் ‘போகிறேன்’ என்று வெறுமனே சொல்வதில்லை, எங்களைப் போல ‘போய் வருகிறேன்’ என்கிறான். இவ்வளவும் தெரிந்தவன் சிங்களப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் நடுவில் வைத்து எங்கள் ஆட்களுக்குப் படிப்பிப்பானா? நான் நேரே தமிழிலிருந்து படிப்பித்தேன். பாடங்களைப் பயிற்சிக் கொப்பிகளில் நானே எழுதினேன். பதினொரு கொப்பி. யாழ்ப்பாணத்தில் அப்படி வேறு எவரிடமும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

படிப்பித்த கதை இப்படித் தொடங்கியது. ஊருக்குத் திரும்பியபின் கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு மில் போட்டேன். மிளகாய், மல்லி, அரிசி எல்லாம் அரைத்துக் கொடுக்கிற மில், இன்றைக்கும் நடக்கிறது. முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு ஜப்பான் ஆள் எடுக்கிறதாம் என்ற கதை ஊரில் பரவியதும், மிளகாயோடு வந்தவர்கள் கேள்வியோடும் வந்தார்கள். மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். இதைக் கண்டுவிட்டு, பக்கத்து ஒழுங்கையில் பிள்ளைகளுக்குப் பின்னேர ரியூட்டரி நடத்துகிற ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் தன் மண்டபத்தைக் காலை வேளையில் எனக்குத் தந்தார். ஆறு பேர் சேர்ந்தார்கள். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லாரும் முப்பது வயதைத் தாண்டி, வீட்டுப் பாரம் சுமக்கிறவர்கள்.

அந்த ஆறு பேரும் என்னை ‘சேர்’ என்று கூப்பிட்டார்கள். பொய் சொல்லமாட்டேன், அந்தச் சொல் எனக்கு இனித்தது. அண்ணை என்று கூப்பிட்டிருக்கிறார்கள், மில்காரர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னால் பலதும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேர் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. எழுபதுக்குக் கிட்டிய வயதில் அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது, இனி இதைப் பறிக்க ஒருவரையும் விடுவதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு நேர்முகம் வந்தது. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்து முகாமையாளர் திரையில் தோன்றினார். ஜப்பானுக்கு ஆள் அனுப்புகிற கொழும்பு முகவர் நிலையத்திலிருந்து மொழிபெயர்க்கும் பெண்ணும் ஒரு மூலையில் தெரிந்தாள். நான் மண்டபத்தின் பின்பக்கத்தில், கமராவுக்குத் தெரியாத இடத்தில் இருந்தேன். வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. முகாமையாளர் ஆறு பேரிடமும் ஒரே பரீட்சைதான் வைத்தார். அந்த இல்லத்து வேலைக்காரி ஒருத்தி சாப்பிட மறுக்கும் கிழவியாக நடித்தாள். அவளுடைய பெயரைச் சொல்லிவிட்டு, இவவைச் சாப்பிட வைக்க வேண்டும், கதையுங்கள் என்றார்.

ஆறு பேரும் ‘ஒகாசான்’ என்றார்கள். ஜப்பான் மொழியில் அதற்கு அம்மா என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். விடுதி நடத்திய மூதாட்டியை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அதைவிட, எங்கள் ஊரில் வயதுக்கு மூத்த ஒருவரை எவராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? அம்மா, ஐயா, அக்கா, அண்ணை, மாமி. உறவு இல்லாவிட்டால் உறவை உண்டாக்கிக்கொள்வோம். அதுவும் முடியாவிட்டால் ‘இஞ்சாருங்கோ’ என்று காற்றைப் பார்த்துச் சொல்வோம். கிழவியை அம்மா என்று கூப்பிடு என்பது எனக்கு ஒரு பாடமாகக்கூடத் தோன்றவில்லை. மூச்சு விடச் சொல்வதுபோல் சொல்லிவிட்டிருந்தேன்.

ஆறாவது ஆளும் ஒகாசான் என்றதும் முகாமையாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்கிறேன். “இவர் உங்கள் தாய் அல்ல. இவருக்குப் பெயர் இருக்கிறது. எங்களிடம் வரும்போது வீட்டை விட்டு வருகிறார்கள், சாமானை விட்டு வருகிறார்கள். பெயர் ஒன்றைத்தான் கையோடு கொண்டுவருகிறார்கள்.”

ஒருவரும் தேறவில்லை. ஒருத்திக்கு மட்டும் மூன்று கிழமை கழித்து இன்னொரு தடவை தருவதாகச் சொன்னார்கள். குருநகர்ப் பெண், வயது முப்பத்துநாலு. புருஷனுடைய கை படகு இயந்திரத்தில் அகப்பட்டு இரண்டு விரல் போய்விட்டது, கடலுக்குப் போவதில்லை. படுக்கையில் கிடந்த மாமியை ஆறு வருஷம் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டியவள். ஊட்டுவதுபோல் நடிக்கும்போது அவளுடைய இடது கை தானாகவே கிழவியின் தலைக்குப் பின்னால் போய்த் தாங்கியது. திரைக்கு இந்தப் பக்கம், வெறும் காற்றைத்தான் தாங்கினாள். முகாமையாளர் அதைக் கவனித்திருக்கிறார். மனுஷனுக்குக் கண் இருந்தது.

அடுத்த நாள் ரியூட்டரிக்காரர் மில்லுக்கு வந்தார். மிளகாய்த் தூளுக்குத் தும்மியபடி கதிரையில் இருந்தார்.

“அண்ணை, கோவியாதேங்கோ. உங்களிட்டைச் சேர்ட்டிபிக்கட் இல்லை எண்டு எனக்கு முதலே தெரியும். ஆனால் இப்ப கொழும்புக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“ஜப்பான்காரன் சேர்ட்டிபிக்கட்டை வைச்சுக்கொண்டோ கதைக்கிறான், மாஸ்ரர்?”

“கதைக்கிறது வேறை, படிப்பிக்கிறது வேறை. அந்த மொழிபெயர்க்கிற பிள்ளை என்னட்டை என்ன கேட்டது தெரியுமே? இவையின்ரை கதை முரட்டுக் கதையாய்க் கிடக்கு, உங்கடை வாத்தியார் முந்தி லொறி ஓட்டினவரோ எண்டு கேட்டது.”

“நான் லொறி ஓட்டேல்லை. வாளி வார்க்கிற மெசின் ஓட்டினனான்.”

அவர் சிரிக்கவில்லை. குருநகர்ப் பெண்ணும் இரண்டாம் தடவை தவறினால் மண்டபத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொழும்பில் பட்டம் பெற்ற ஒருவர் திரையில் தோன்றி வகுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறாராம், ஆங்கிலத்தில். எங்கள் ஆட்கள் வாங்கில் வரிசையாக இருந்து திரையைப் பார்ப்பார்களாம். நான் அரைத்து வைத்திருந்த தூளைப் பையில் கொட்டிக் கட்டினேன். மூன்று கிழமை கழித்து வாருங்கோ, பார்ப்பம் என்றேன்.

அவர் போனபின் கைத்தொலைபேசியை எடுத்து, ஜப்பான் முதியோர் இல்லங்களின் காணொளிகளைத் தேடினேன். இரண்டு நாள், மில்லில் இருந்த நேரம் முழுவதும் பார்த்தேன். ஒரு இடத்திலாவது ஒரு வேலைக்காரி ஒகாசான் என்று சொல்லவில்லை. எல்லாரும் பெயர், பெயருக்குப் பின்னால் ‘சான்’. தொண்ணூறு வயதுக் கிழவருக்கும் அப்படித்தான். தொழிற்சாலையில் நான் கேட்டது ஆம்பிளைகள் மெசினுக்குப் பக்கத்தில் நின்று கதைக்கிற கதை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதைக் கதைத்தால் அடிக்கப் போகிறாய் என்று நினைப்பார்கள். பிழை என்னுடையது. எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

பிழையைக் கண்டுபிடித்தவனும் நான்தான், திருத்தியவனும் நான்தான். மூன்றாம் நாள் வகுப்பில் போய் நின்று, “இண்டையிலையிருந்து என்னைச் சேர் எண்டு கூப்பிடக்கூடாது. பேரைச் சொல்லி, பின்னாலை சான் போட்டுக் கூப்பிடவேணும்” என்றேன்.

உடுவிலிலிருந்து வருகிற ஓட்டோக்காரன், வகுப்பிலேயே வாய் கூடினவன், தலையைச் சொறிந்தான். “சேர், சான் வரும். அதுக்கு முன்னாலை உள்ளதுதான் வராது.”

நான் நீளமான வாங்கு ஒன்றை நடுவுக்கு இழுத்து அதில் மல்லாந்து படுத்தேன். நான் எழுபது வயது நோயாளி, நித்திரை, எழுப்புங்கள் என்றேன். பெயர் காதில் விழும்வரை கண் திறக்கமாட்டேன் என்றும் சொன்னேன். வாய்க்கு வராத சொல்லைக் கொப்பியில் நூறு தடவை எழுதினாலும் வராது. ஆளைப் படுக்க வைத்துக் கூப்பிட்டால்தான் வரும். இந்த முறையை எந்தப் பட்டதாரியும் கண்டுபிடிக்கவில்லை.

முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தேன். ஒருத்தி இருமினாள். ஒருவன் வாங்கைத் தட்டினான். இன்னொருத்தி ஜப்பான் மொழியில் மிக அழகாக ‘காலை வணக்கம், எழும்புங்கள், வெளியே நல்ல வெயில்’ என்றாள், பெயரை மட்டும் விட்டுவிட்டு. நான் அசையவில்லை. ஒருத்தி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எச்சிலை விழுங்கிவிட்டு ‘சான்’ என்றாள். வாங்குப் பலகை முதுகெலும்பில் ஏறியது. நானும் விடவில்லை, அவர்களும் விடவில்லை. இரண்டாம் நாள் ஓட்டோக்காரன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, என் பெயரைச் சுவருக்குச் சொன்னான். நான் எழும்பினேன். அவன் காதைத் தொட்டுக் கும்பிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தது. முதலில் முணுமுணுப்பு, பிறகு குரல், கிழமை முடிவில் ஐந்து பேர் சேர்ந்து என் பெயரைச் சொன்னால் ஒழுங்கை வரைக்கும் கேட்டது.

அதுதான் வினையாகப் போனது. அரைக்க வந்த ஒரு பெண் மண்டபத்து யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் வாங்கில் மல்லாந்து கிடக்கிறேன், பெண்கள் சுற்றி நின்று என் பெயரைச் சொல்கிறார்கள். அவள் நேரே எங்கள் வீட்டுக்குப் போனாள். மத்தியானம் சாப்பிட இருந்தபோது என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே நின்றாள். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. பங்கீட்டுக் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டுவாள்.

“ஊரெல்லாம் உங்கடை பேரைச் சொல்லுதாம்.”

“ஓம். பாடம்.”

“நல்ல பாடம்.”

வேண்டுமென்றால் நீயும் வந்து வாங்குக்குப் பக்கத்தில் நின்று சொல்லிப் பழகு என்றேன். குழம்புச் சட்டியைக் கையில் எடுத்தவள், ஒரு கணம் யோசித்தாள். “எனக்கு ஜப்பானுக்குப் போற எண்ணம் இல்லை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். குழம்பும் அவளோடு போய்விட்டது.

ஊர் கதைத்தது. ரியூட்டரிக்காரரும் வந்து, பெற்றோர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். அவருடைய பின்னேர வகுப்புகளுக்குச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள். நினைக்கிறதை நினைக்கட்டும் என்றேன். என்னைப் பற்றிக் கதைக்காத நாளே இந்த ஊருக்கு இல்லை. சிங்களம் கதைத்தால் ஒரு கதை, வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு வராமல் மில்லோடு வந்தால் இன்னொரு கதை. அதையெல்லாம் அரைத்துத் தின்றவன் நான்.

ஆனால் குருநகர்ப் பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. எவளுக்கு வர வேண்டுமோ அவளுக்கே வரவில்லை. மற்ற ஐந்து பேரையும்விட அவளுக்கு மொழி நன்றாக ஓடியது. கேட்டதை ஒரே தடவையில் பிடிப்பாள், அந்த விஷயத்தில் என்னைப் போல. வாங்குக்குப் பக்கத்தில் வந்து குனிவாள், என் நெற்றிக்கு மேலே அவளுடைய மூச்சு நிற்கும், பிறகு ‘சேர், ஏலாது’ என்பாள். ஆறு வருஷம் பார்த்த மாமியின் பெயரை மரணச் சான்றிதழில்தான் முதல் முதல் வாசித்தாளாம். “எங்கடை அம்மா உயிரோடை இருந்து இதைக் கேட்டா, வாயிலை மிளகாய் தேய்ப்பா சேர்” என்றாள். நான் ஏசினேன். கெஞ்சினேன் என்று சொன்னாலும் குற்றமில்லை. அவளுக்குப் போவது வேலை, எனக்குப் போவது வகுப்பு, இரண்டும் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். வந்தவுடன் வாங்கைக் காட்டினாள். படுத்தேன், கண்ணை மூடினேன். பிறகு என் பெயர் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்து, கடைசியில் சான். சொல்லிவிட்டு நின்றாள், அவசரமில்லாமல்.

என் தாய் வேலிக்கு மேலால் கத்திக் கூப்பிட்ட பெயர் அது. கடை முதலாளி தூஷணத்தோடு சேர்த்துக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் நீளமாக இருக்கிறதென்று பாதியாக வெட்டிக் கூப்பிட்டார்கள். முழுதாக, இவ்வளவு ஆறுதலாக அதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழும்ப மறந்து கிடந்தேன். அவள் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எழும்பினேன்.

எப்படி வந்தது என்று கேட்டேன்.

“நேற்றுச் சேர்ச்சுப் பூசையிலை வந்தது சேர். செத்தவையின்ரை பேரை வாசிப்பினமல்லோ, ஒப்புக்கொடுக்கிறதுக்கு. மாமியின்ரை பேரையும் குடுத்திருந்தனான். அங்கை ஒருத்தரும் மாமி எண்டோ அம்மா எண்டோ வாசிக்கேல்லை. பேரைத்தான் வாசிச்சவை. சனமெல்லாம் தலையைக் குனிஞ்சு கேட்டுது. அப்ப நான் நினைச்சன், பேரைச் சொல்லுறது மரியாதையில்லை எண்டு ஆர் சொன்னது? சொல்லுற மாதிரிச் சொன்னால் சரிதானே.”

“அப்ப என்னை உயிரோடை பூசைக்குச் சேத்துப்போட்டாய்.”

“ஓம் சேர்” என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னாள்.

இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை, அவள் கண்டுபிடித்தாள். சைவனான எனக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனால் வாங்கில் படுத்து அவளைத் தேட வைத்தவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கே மற்ற ஐந்து பேருக்கும், பூசையில் வாசிப்பதுபோல் வாசியுங்கள் என்று சொல்லிக் குரலைத் திருத்தினேன். ஓட்டோக்காரன் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினான்.

இரண்டாம் நேர்முகத்தில் அந்த வேலைக்காரி முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். கூப்பிட்டுத் திருப்புங்கள் என்றார் முகாமையாளர், அவ்வளவுதான். திரைக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறவளுக்குக் குரலைத் தவிர ஒன்றுமில்லை. குருநகர்ப் பெண் ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதுகு அசையவில்லை. ரியூட்டரிக்காரர் என் காதுக்குள், “முடிஞ்சுது அண்ணை” என்றார். அவள் அவசரப்படவில்லை. திங்கட்கிழமை எனக்கு முன்னால் நின்றதுபோலவே காத்து நின்றாள். இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அந்தப் பெண் தலையைத் திருப்பி, பிறகு உடம்பையும் திருப்பினாள். ‘சோறு ஆறப்போகிறது, கொஞ்சம் சாப்பிடுவோமா’ என்று இவள் கேட்டாள். இடது கை மறுபடியும் காற்றைத் தாங்கியது.

முகாமையாளர் எழுதினார். எழுதிவிட்டு, யார் படிப்பித்தது என்று கேட்டார். எனக்கு உத்தரவு இருந்தது. உத்தரவை வாங்கில் விட்டுவிட்டு எழும்பிக் கமராவுக்கு முன்னால் போனேன். எந்த ஊரில் வேலை செய்தேன், எந்த மெசினில் நின்றேன் என்றெல்லாம் விசாரித்தார். சொன்னேன். மொழிபெயர்க்கும் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள். எங்களுக்கு அவள் தேவைப்படவில்லை. தன் தகப்பனும் அப்படி ஒரு தொழிற்சாலையில் இருந்தவர் என்றும், உங்கள் மாணவர்கள் என் அப்பாவைப் போலக் கதைக்கிறார்கள், பேச்சில் எண்ணெய் மணக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வருவதற்கு முன் அதைக் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். கழுவி அனுப்புகிறேன் என்றேன். கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வயதில் தினமும் மில்லில் இருந்து மரியாதைப் பேச்சுப் படிக்கிறேன். அதற்கும் வாத்தியார் கிடையாது.

அடுத்த நாள் முடிவு வந்தது. குருநகர்ப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஐந்து பேரும் மறுபடி தோன்றலாம் என்றார்கள். ரியூட்டரிக்காரர் அன்று தும்மாமல் வந்தார். புதிய வகுப்புக்கு நோட்டீஸ் அடிப்போம் என்றார். யோசனையை ஏற்கெனவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கொழும்புப் பட்டதாரியின் பெயர் மேலே, பெரிய எழுத்தில், பின்னால் பட்டங்கள் ஒரு வரி நீளத்துக்கு. கீழே என் பெயர், ‘உதவி’ என்ற சொல்லோடு. வகுப்பை நீங்கள்தான் எடுப்பீர்கள், இது சும்மா சனத்துக்காக என்றார்.

நான் அந்தத் தாளில் பட்டதாரியின் வரியை வெட்டினேன். ‘உதவி’யையும் வெட்டினேன்.

“அண்ணை, பேருக்குப் பின்னாலை ஏதாவது போடவேணும். எங்கடை சனம் முதல்லை அதைத்தான் வாசிக்கும். வெறுமனை விட்டா ஒருத்தரும் வராயினம்.”

“வெறுமனை விடச் சொல்லேல்லை. உள்ளதைப் போடுங்கோ. ஏழாம் வகுப்பு, புத்தூர்.”

பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். பகிடி இல்லை என்று தெரிந்ததும் அரை மணித்தியாலம் மன்றாடினார். போட விருப்பமில்லையென்றால் வகுப்பை மில்லுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், இரைச்சலில் தொடங்கினது, இரைச்சலில் நடக்கட்டும் என்றேன். கடைசியில் அச்சடித்தார். பட்டங்களைப் போடுகிற அதே தடித்த எழுத்தில், அடைப்புக்குறிக்குள் ஊரோடு. அச்சகக்காரன் இரண்டு தடவை தொலைபேசி எடுத்து, இது சரிதானா என்று கேட்டானாம்.

புதிய வகுப்பு தொடங்கிய காலை பத்தொன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் படலையில் ஒட்டியிருந்த நோட்டீசை வாசித்துவிட்டு, ஆளை ஆள் பார்த்து, அப்படியே திரும்பிப் போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறிக்கவில்லை. மிச்சப் பதினான்கு பேரும் உள்ளே வந்து வாங்குகளில் இருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, முதலாவது கொப்பியைத் திறந்தேன்.